நான் நின்று பார்க்காத கூரை

செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். போன வாரம் மாடிக்குத் தளம் போடுவதற்காக ஒரு மினி லாரி நிறையச் சவுக்குக் கம்புகள் வந்து இறங்கின. முந்தின நாள் நல்ல மழை. நனைந்த பட்டையின் வாசனை ஜன்னல் வழியே சமையலறை வரைக்கும் வந்து, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த ரசத்தின் வாசனையை அமுக்கிவிட்டது. என்ன வாசனை இது, எங்கேயோ முகர்ந்ததாயிற்றே என்று கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்து நின்றேன்.

அந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரகடம் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கிற இளைஞர். அவருக்கு இந்தக் கம்புகள் பிடிக்கவில்லை. தளத்துக்கு இரும்பு ஜாக்கிதான் முட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறார். மேஸ்திரிக்குக் கம்புதான் பழக்கம். என்னைப் பார்த்ததும் மேஸ்திரி பஞ்சாயத்தை என்னிடம் தள்ளிவிட்டார்.

"மேடம், நீங்களே சொல்லுங்க. நீங்க கரி சுரங்கத்துல இஞ்சினீரா இருந்தவங்களாமே. கம்பு போட்லாமா, ஜாக்கி போட்லாமா?"

"ரெண்டும் தாங்கும்பா. சரியா நிறுத்தினா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ரசம் பொங்கியிருந்தது.

இதே கேள்விக்குப் பதில் எழுதத்தான் ஒரு காலத்தில் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். எழுபது பக்கம் எழுதினேன். அதன் சாரம், இப்போது மேஸ்திரியிடம் சொன்ன அந்த இரண்டு வாக்கியத்துக்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை.

படிப்பு முடிந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை கோதாவரிக் கரையோரம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் திட்ட அலுவலகத்தில். அப்பா வாலாஜாபாத்தில் ஒரு அரிசி ஆலையில் இருந்தார். நாங்கள் குடியிருந்தது பிள்ளையார்பாளையத்தில், தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பங்களுக்கு நடுவில். அதனால் எனக்குத் தெலுங்கு தெரியும் என்று விண்ணப்பத்தில் தைரியமாக எழுதியிருந்தேன். அங்கே போய் வாயைத் திறந்த பிறகுதான் நான் பேசுவது தறிமேடைத் தெலுங்கு என்பதும், கரி வெட்டுகிறவர்களின் தெலுங்கு வேறு என்பதும் தெரிந்தது. முதல் மாதம் நான் எது பேசினாலும் எதிரே இருப்பவர் சிரித்தார். அங்கே நடந்த பேச்சையெல்லாம் உங்களுக்கு நம் ஊர்ப் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தெலுங்கு எனக்கு இப்போது பாதி மறந்துவிட்டது.

வேலைக்குக் கிளம்பும்போது அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"பூமிக்குள்ள எறங்கச் சொன்னாங்கன்னா தலை நோவுதுன்னு சொல்லிடு."

அம்மாவுக்குத் தெரியாதது, எனக்கும் அங்கே போய்த்தான் தெரிந்தது. பெண்கள் சுரங்கத்துக்குள் வேலைக்கு இறங்கக் கூடாது என்று அப்போது சட்டமே இருந்தது. என் மேசை தரைக்கு மேலே, மின்விசிறிக்கு நேர் கீழே. இதை நான் வீட்டில் சொல்லவில்லை. மகள் தினமும் பூமிக்குள் போய் வருகிறாள் என்று அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். விடுமுறையில் ஊருக்கு வந்தால் தெருவில் எல்லோரும் ஒரு மாதிரி மரியாதையாகப் பார்த்தார்கள். "உள்ள இருட்டா இருக்குமாமா?" என்று கேட்பார்கள். "ரொம்ப" என்பேன். பொய் இல்லை. இருட்டாகத்தான் இருக்குமாம்.

சுரங்கம் என்றால் கிணறு போல என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வரைபடத்தில் பார்த்தால் அது ஒரு சின்ன ஊர். தெருக்கள், குறுக்குத் தெருக்கள், நாற்சந்திகள். வீடுகள் இருக்க வேண்டிய இடத்தில் வெட்டாமல் விட்ட கரித் தூண்கள். ஒரு பேட்டை மாதிரி பிரித்த பகுதிக்குப் பேனல் என்று பெயர். பேனலின் கடைசிவரை தெரு போட்டு முடித்ததும், அந்தத் தூண்களையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துக்கொண்டே பின்வாங்குவார்கள். வெட்டி முடித்த இடத்தில் கூரை இடிந்து விழும். விழத்தான் வேண்டும். ஆள் நிற்கிற இடத்தில் மட்டும் விழக்கூடாது.

அந்தக் கூரையை நிறுத்துவதற்கு இரண்டு வழி இருந்தது. முதல் வழி, பழைய வழி: கீழிருந்து முட்டுக் கொடுப்பது. மரக் கட்டைகளை வரிசையாக நட்டு, தேவைப்பட்ட இடத்தில் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி நிறுத்துவார்கள். கட்டை வாங்குவதும் அறுப்பதும் தண்டவாளத்தில் ஓடும் தொட்டி வண்டியில் ஏற்றி உள்ளே அனுப்புவதுமாகச் சுரங்க வாசலில் ஒரு மரக்கிடங்கே இருந்தது. அங்கே எப்போதும் நனைந்த பட்டை வாசனைதான். போன வாரம் என் சமையலறைக்குள் வந்ததும் அதுதான்.

இரண்டாவது வழி போல்ட். கூரையில் மேல்நோக்கி ஓர் ஆள் உயரத்துக்குத் துளை போட்டு, பசையைச் செலுத்தி, இரும்புக் கம்பியைச் சொருகி, அடியில் தகடு வைத்துத் திருகி இறுக்கிவிடுவார்கள். கூரையைக் கூரையிலேயே எப்படித் தொங்கவிட முடியும் என்று அப்பா ஒரு முறை கேட்டார். நம் ஊர்க்காரருக்கு விளக்குவது சுலபம். கடையில் பட்டுச் சேலைகளை மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். அந்த அடுக்கைப் பக்கவாட்டில் பிடித்துத் தூக்கினால் நடுவில் தொய்ந்து ஒவ்வொன்றாக நழுவும். கீழே பத்துப் பேர் கைகொடுத்துத் தாங்கலாம், அது கட்டை. அடுக்கு முழுவதையும் அங்கங்கே ஊசி குத்தி இறுக்கித் தைத்துவிட்டால் மொத்தமும் ஒரு பலகை போல நிற்கும், அது போல்ட். பாறையும் அப்படி அடுக்கடுக்காகத்தான் இருக்கிறது. அப்பா கேட்டுவிட்டு, "ஊசி எட்டாத சேலை?" என்றார். நான் சிரித்துவிட்டேன்.

எங்கள் சுரங்கத்தில் அந்த வருஷம் ஒரு பேனலில் கட்டை, அடுத்த பேனலில் போல்ட் என்று வைத்து, எது மேல் என்று ஒப்பிட்டு அறிக்கை தயாரிக்கச் சொன்னார்கள். அறிக்கையைப் பொறுத்து மற்றப் பேனல்களையும் முடிவு செய்வதாக ஏற்பாடு. வேலை என் தலையில் விழுந்தது. இறங்கக் கூடாதவளிடம் ஏன் கொடுத்தார்கள் என்றால், இறங்கக்கூடியவர்களுக்கெல்லாம் வேறு வேலை இருந்தது.

எனக்கு வேண்டிய எண்களைக் கீழேயிருந்து கொண்டுவந்தவர் ராஜய்யா. ஓவர்மேன், அதாவது ஒரு ஷிப்டில் கட்டைப் பேனலில் வேலை செய்பவர்களுக்குப் பொறுப்பானவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான ஆள். எழுத்து மட்டும் குண்டு குண்டாக, அச்சடித்த மாதிரி இருக்கும். இரண்டு பேனல்களிலும் கூரையில் ஓர் ஆணி, அதற்கு நேர் கீழே தரையில் ஓர் ஆணி என்று பல இடங்களில் அடித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண். ராஜய்யா தினமும் போய் நின்று, நீளும் கம்பியால் இரண்டு ஆணிகளுக்கும் நடுவே அளந்து, நேற்றைவிட எத்தனை மில்லிமீட்டர் குறைந்தது என்று எழுதிக்கொண்டு வருவார். கூரை எவ்வளவு இறங்குகிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

கட்டைப் பேனலின் எண்கள் தாறுமாறாக இருந்தன. ஒரு நாள் மூன்று, ஒரு நாள் ஒன்றுமில்லை, மறுநாள் ஐந்து. போல்ட் பேனலின் எண்களோ அவ்வளவு அழகு. ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று. வரைபடத்தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால் தறியில் ஏற்றின பாவு இழை மாதிரி நேராக வரும். நான் அந்தக் கோட்டில் மயங்கிப்போனேன். இரண்டு மாதத்துக்குள் அறிக்கையில் பாதியை எழுதிவிட்டேன். போல்ட்டைப் புகழ்ந்து நான் எழுதியிருந்த சில வாக்கியங்களை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை அளவையர் புதுப்பித்துக் கொடுத்த வரைபடத்தை மேசையில் விரித்து வைத்து, ராஜய்யாவின் இடங்களை அதில் குறித்துக்கொண்டிருந்தேன். தூணை வெட்டி எடுத்துக் கூரையும் விழுந்துவிட்ட பகுதிகளை அளவையர் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருப்பார். போல்ட் பேனலில் பதினோராம் எண் இடம் அந்தச் சிவப்புக்குள் இருந்தது. தேதியைப் பார்த்தேன். விழுந்தது முந்தின வாரம் புதன்கிழமை. ராஜய்யாவின் ஏட்டில் வியாழன் ஒன்று, வெள்ளி இரண்டு, சனி ஒன்று. இல்லாமல் போய்விட்ட ஒரு கூரை, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் இறங்கிக்கொண்டே இருந்தது.

எண்ணை மாற்றி எழுதிவிட்டாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். பழைய ஏடுகளை எடுத்துப் பார்த்தேன். அதே அழகு, அதே வரிசை, ஏழெட்டு நாளுக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப.

மறுநாள் ஷிப்ட் முடிந்து, முகத்தில் கரியோடு ஏட்டைக் கொடுக்க வந்தவரை உட்காரச் சொல்லி வரைபடத்தைக் காட்டினேன். அவர் பதினோராம் எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"நான் அங்க போறதில்ல மேடம்" என்றார்.

"எத்தனை நாளா?"

"ஆரம்பத்துல ஒரு வாரம் போனேன். அப்புறம் போகல. வழியில ஒக்கார்ற எடத்துலயே ஒக்காந்து எழுதிடுவேன்."

"ஏன்?"

"பயம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "கட்டைன்னா ஒடையறதுக்கு முன்னாடி கத்தும். பட்டை வெடிக்கும். காதால கேட்டுக்கினு ஓடி வந்துடலாம். அந்தப் பேனல்ல ஒரு சத்தமும் இல்ல. தலைக்கு மேல தகடு தகடா இருக்குது, அவ்ளோதான். கம்பிய நீட்டிக்கினு தனியா நிக்கும்போது கால் நடுங்குது. இருபது வருஷம் சர்வீஸ் ஆன ஆளு, எனக்குப் பயமா இருக்குதுன்னு யார்கிட்ட போய் சொல்றது?"

"ஆனா இந்த எண்ண நம்பித்தானே நான் எழுதறேன்?" என்றேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். அதுவரை நீங்க என்று பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று மாறினார்.

"நீ ஒரு நாளாவது கீழ வந்து பார்த்தியா? நீயும் வரல, நானும் போகல. ரெண்டு பேரும் சேர்ந்துதான் அந்தக் கூரையப் பத்தி எழுதிக்கினு இருக்கறோம்."

எழுந்து போய்விட்டார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் கரித்தூள் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்தேன்.

அடுத்த நாள் மேனேஜரிடம் போனேன். போவதற்கு முன் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் யோசித்ததெல்லாம், விஷயம் பிறகு வெளியே வந்தால் என் பெயர் என்ன ஆகும் என்பதைத்தான். அந்தக் கூரைக்கடியில் ஒரு ஷிப்டுக்கு நாற்பது பேர் வேலை செய்கிறார்கள் என்பது எனக்கு இரண்டாவதாகத்தான் தோன்றியது. போல்ட் பேனல் அளவுகள் நம்பத்தக்கவை இல்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை. பெயரைச் சொல்லாததை நினைத்து ரொம்ப நாள் எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அளவு எடுக்கிறவர் சுரங்கத்திலேயே ஒருவர்தான் என்பது மேனேஜருக்குத் தெரியாதா என்ன.

மேனேஜர் கெட்டிக்காரர், அதிகம் பேசமாட்டார். அன்றே இரண்டு பேரை அழைத்துக்கொண்டு அவரே இறங்கினார். மறுநாளும் இறங்கினார். அடுத்த நாளும். பெரும்பாலான இடங்களில் கூரை அசையவே இல்லை. ராஜய்யா கற்பனையில் எழுதியதைவிடவும் குறைவு. நாற்சந்தி ஒன்றில் மட்டும் முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் ஐந்து, இரண்டுக்கும் மூன்றுக்கும் எட்டு. மூன்றாம் நாள் அளந்ததும் மேனேஜர் அந்தச் சந்தி வழியாக யாரும் போகக் கூடாது என்று கயிறு கட்டி, பேனலிலிருந்து எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை அந்தச் சந்தி விழுந்தது. அலுவலகத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர்க் குவளைகூட அசையவில்லை. தொலைபேசி அடித்தது, மேனேஜர் எடுத்தார், "ஆளு யாரும் இல்லையே?" என்று ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டார், வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். பாறை போல்ட்டுகளோடு சேர்ந்தே ஒரே பாளமாக இறங்கியிருக்கிறது. போல்ட் தைத்த அடுக்குகள் பிரியவில்லை. அதற்கும் மேலே, போல்ட் எட்டாத இடத்தில் ஓர் அடுக்கு விட்டுப்போயிருந்தது. அப்பா கேட்ட ஊசி எட்டாத சேலை.

அறிக்கையின் முதல் பாதியைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதினேன். தெருக்களில் போல்ட் மேல். வேலையும் விரைவு, கட்டை சுமந்து விரல் நசுங்குகிறவர்களும் இல்லை. நாற்சந்திகளில் நீளமான போல்ட்டும் வேண்டும், கூடவே முட்டும் வேண்டும். மேனேஜர் படித்துவிட்டு, "கடைசியில ரெண்டுல எது நல்லதுன்னு ஒரு வரி போடுங்க, மேல இருக்கறவங்க அதத்தான் தேடுவாங்க" என்றார். இடத்தைப் பொறுத்தது என்று எழுதினேன். அந்த வரியை அடித்துவிட்டுத்தான் அனுப்பினார்.

ராஜய்யாவுக்குக் குற்றப்பத்திரிகை கொடுத்தார்கள். ஒரு மாதம் வேலை இல்லை. பிறகு மேலே விளக்கறையில் போட்டார்கள். ஷிப்டுக்கு இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கு எடுத்துக் கொடுத்து, திரும்பி வந்ததும் வாங்கி வைக்கிற வேலை. அலுவலகத்துக்கு நான் தினமும் அந்த ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. நான் முதல் சில நாள் நின்றேன், பிறகு வேகமாக நடக்கப் பழகிக்கொண்டேன். அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தினேன். எந்தப் பொருள் எவ்வளவு சுமை தாங்கும் என்பதுதான் பாடம். மாணவர்களுக்கு என்னைச் சுரங்கத்துக்குள் போய் வந்தவர் என்றுதான் அறிமுகம் செய்தார்கள். அங்கேயும் நான் திருத்தவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன், ஒரு ஆவணி மாதம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. ராஜய்யா. பழைய அலுவலகத்தில் யாரிடமோ கேட்டு என் எண்ணை வாங்கியிருக்கிறார். கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணமாம், முகூர்த்தச் சேலை எடுக்க மனைவியையும் பெண்ணையும் அழைத்துக்கொண்டு காஞ்சிபுரம் வந்திருக்கிறார். பேருந்து நிலையத்தில் இறங்கியதிலிருந்து ஆட்டோக்காரர்களும் தரகர்களும் தெலுங்கிலேயே பேசி ஆளுக்கொரு கடைக்கு இழுக்கிறார்களாம்.

"தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருந்தா நல்லாருக்கும்னு தோணுச்சிம்மா" என்றார்.

போனேன். தலை முழுக்க நரைத்திருந்தது, மற்றபடி அதே ஒல்லி. காஞ்சிபுரத்தில் பிறந்தவளுக்குப் பட்டு தெரியும் என்று உலகம் நம்புகிறது. எனக்கு நிறம் மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் அவர்களைக் கொண்டுபோய் விட்டேன். தாயும் மகளும் பாயில் உட்கார்ந்து, கடைக்காரர் பிரித்துப் போடப் போட இன்னும் இன்னும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் எதிரே இருந்த டீக்கடைக்கு வந்தோம்.

டீ ஆறுகிற வரைக்கும் அவர் பெண்ணின் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசினோம். பிறகு நானே கேட்டேன்.

"ராஜய்யா காரு, எம்மேல கோவம் இருந்துதா?"

"இருந்துச்சி. ரெண்டு வருஷம் இருந்துச்சி" என்றார், சாதாரணமாக. "சந்தி விழுந்ததக் கேட்டதும் எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப்போச்சிம்மா. ஆளுங்க செத்திருந்தா நான் எழுதின எழுத்தாலதான் செத்திருப்பாங்க. அது எனக்குத் தெரியும். குடுத்த தண்டன தப்புன்னு நான் சொல்லல."

ஒரு வாய் டீ குடித்தார்.

"ஆனா பயமா இருக்குதுன்னு நான் அதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. வீட்டுலகூட. ஒங்கிட்டதான் சொன்னேன். தனியா போகாதீங்க, கூட ஒரு ஆளு போடச் சொல்றேன்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே போயிருப்பேன்."

இத்தனை வருஷத்தில் எனக்கு அது ஒரு முறைகூடத் தோன்றியதில்லை. எவ்வளவு எளிய யோசனை. மேனேஜர்கூடத் தனியாக இறங்கவில்லை, இரண்டு பேரை அழைத்துக்கொண்டுதான் போனார். எழுபது பக்கத்தில் கட்டையைப் பற்றி எழுதினேன், இரும்பைப் பற்றி எழுதினேன், பசை எத்தனை நிமிஷத்தில் இறுகும் என்று எழுதினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே தனியாக நிற்கிற ஆளைப் பற்றி ஒரு வரி இல்லை.

"கட்டைப் பேனல் அளவாவது நெஜந்தானா?" என்று கேட்டேன், பேச்சை மாற்றுவதற்காக.

அவர் சிரித்தார். "அது நெஜம். அங்க எனக்கு பயமில்லையே. நின்னுதான் எழுதினேன்."

இப்போதெல்லாம் பெண்களும் கீழே இறங்கலாம் என்று சட்டம் மாறிவிட்டதாமே, நம் சுரங்கத்தில் யாராவது இறங்குகிறார்களா என்று விசாரித்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கு விஷயம் தெரியாது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"எங்கம்மா எறங்கறது? எல்லாம் தோண்டிட்டாங்களே. நீ போய் கொஞ்ச வருஷத்துலயே மூடிட்டாங்க. அப்புறம் மேலருந்தே வெட்டலாம்னு பெரிய பெரிய மெஷின கொண்டாந்து எறக்கினாங்க. ஆபீஸ் இல்ல, வௌக்கு ரூம் இல்ல, மரக்கிடங்கு இல்ல. ஒரே பள்ளம். பாறைய எல்லாம் லாரில ஏத்திக்கினு போய் ஊருக்கு வெளிய மலை மாதிரி கொட்டியிருக்கறாங்க. அதுமேல செடி வெச்சிருக்கறாங்க."

கடையிலிருந்து அவருடைய பெண் எட்டிப் பார்த்துக் கையசைத்தாள். அரக்கா, மாம்பழ மஞ்சளா என்று அவர்களால் முடிவு செய்ய முடியவில்லையாம். நாங்கள் எழுந்து போனோம். மஞ்சளை எடுத்தார்கள். சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு இரண்டு பொங்கலுக்கு போன் செய்தார். போன பொங்கலுக்கு நான் செய்தபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

ஒப்பிடுவதற்கு அங்கே இப்போது ஒன்றும் இல்லை. நான் வரைபடத்தில் மட்டுமே நடந்த அந்தத் தெருக்கள், போல்ட்டோடு சேர்ந்து விழுந்த சந்தி, அது விழும் முன்பே விழுந்துபோன பதினோராம் எண், கட்டை பிடித்ததும் கம்பி பிடித்ததுமான அத்தனை கூரையையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ராஜய்யா போகப் பயந்த இடத்தில் இப்போது பட்டப்பகலில் வெயில் அடிக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி, மாடு குடிக்கிறதாம்.